காபிக்கொட்டையில் ஒரு யானை முகம்: முதன்முறை செய்பவர்களுக்கு

காபிக்கொட்டையில் படம் செய்யப் போகிறேன் என்பவர்கள் முதலில் கேட்பது, "என்ன பசை வாங்கணும்?" என்பதுதான். பசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலையில் பாதிக்கு மேல் கொட்டையைத் தேர்ந்தெடுப்பதிலும் வறுப்பதிலும் பிரித்து வைப்பதிலுமே இருக்கிறது. அதை ஒழுங்காக முடித்துவிட்டால் ஒட்டுவது ரேடியோ கேட்டுக்கொண்டே செய்யக்கூடிய வேலை. அதை விட்டுவிட்டு, கடையில் கிடைத்த ஒரே நிறக் கொட்டையைக் கொண்டுவந்து பலகை முழுக்க ஒட்டினால், தூரத்திலிருந்து பார்க்கும்போது பழுப்பாக ஒரு பரப்புதான் தெரியும். என்ன படம் என்று பக்கத்தில் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். தங்க நிறமும் வெள்ளியும் அடித்துப் பலர் செய்கிறார்கள். அப்படி அடிப்பதென்றால் காபிக்கொட்டை எதற்கு? புளியங்கொட்டையே போதும். வறுப்பை மட்டும் வைத்து வெளிர் பச்சையிலிருந்து கறுப்பு வரைக்கும் ஆறேழு நிறம் எடுக்கலாம். இந்தக் கலையின் அழகே அதில்தான் இருக்கிறது.

எவ்வளவு வாங்குவது?

2011-ல் அல்பேனியாவின் திரானா நகரத்தில் சைமிர் ஸ்த்ராத்தி என்ற மொசைக் கலைஞர் ஏறக்குறைய 140 கிலோ கொட்டையில் 25 சதுர மீட்டருக்கு ஒரு படம் செய்தார். அடுத்த ஆண்டே மாஸ்கோவின் கார்க்கி பூங்காவில் அர்காதி கிம் என்பவர் 180 கிலோவில் 30 சதுர மீட்டர் படம் ஒன்றைச் செய்து காட்டினார். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 கிலோ வருகிறது. அவ்வளவு நெருக்கமாக அடுக்குவது நமக்குத் தேவையில்லை. நாம் ஒரே அடுக்காக, கொட்டைகளைப் படுக்க வைத்து ஒட்டப் போகிறோம். அதற்கு இதில் பாதிகூட வேண்டாம்.

கணக்கு எளிதுதான். வறுத்த கொட்டை ஒன்று ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம், 0.14 கிராம் அளவுக்கு எடை. ஏ4 தாள் அளவை முழுவதும் நிரப்ப ஆயிரம் கொட்டை, அதாவது 140, 150 கிராம் போதும். இந்தக் கட்டுரையில் செய்யப்போகும் யானை முகத்துக்கு ஓர் அடிக்கு ஓர் அடி பலகை எடுத்துக்கொள்வோம். அதில் யானை பாதிக்கு மேல் இடத்தைப் பிடிக்கும். மீதியை வெறுமையாக விடப்போகிறோம். எல்லா நிறமும் சேர்த்துக் கால் கிலோ இருந்தால் தாராளம். மிஞ்சியதில் வெறும் வறுத்த கொட்டையாக இருப்பதை அரைத்துக் குடித்துவிடலாம். பசை, வார்னிஷ் பட்டதைச் சேர்த்துவிட வேண்டாம்.

எந்தக் கொட்டை?

காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைக்குப் போய், "அரைக்க வேண்டாம், கொட்டையாவே குடுங்க" என்று கேளுங்கள். "ஏங்க, வீட்டுல மிஷின் இருக்கா?" என்று கேட்பார்கள். படம் செய்ய என்று சொல்லிவிடுவது நல்லது. அப்படிச் சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் டப்பாக்களைத் திறந்து காட்டி, வேண்டியதை ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாக நிறுத்துக் கொடுக்கும் அளவுக்கு உற்சாகமாகிவிடுவார்கள்.

டப்பாவில் பார்க்க வேண்டியவை இவை. பிளான்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகா இனக் கொட்டை. நீளவாக்கில், ஒரே அளவாக இருக்கும். தட்டைப் பக்கத்தில் இருக்கும் பிளவு லேசாக 'எஸ்' மாதிரி வளைந்து போகும். படத்தின் பெரும்பகுதிக்கு இதுதான் சரி. ரோபஸ்டா இன்னொரு இனம்; அதைவிடக் குட்டை, உருண்டை. பிளவு நேர்கோடாக இருக்கும். வரி வரியாக அடுக்க வேண்டிய இடத்தில் ரோபஸ்டா அழகாக உட்காரும். பீபெரி தனி ரகம். வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டை முகத்தோடு முகம் வைத்து இருக்கும்; அதனால்தான் ஒரு பக்கம் தட்டையாகிறது. சில பழத்தில் ஒன்று மட்டுமே வளர்ந்து, நெருக்க ஆளில்லாமல் உருண்டுவிடும். அதுதான் பீபெரி. கண், மூக்கு நுனி, புள்ளி, மணி என்று உருண்டையாகத் தெரிய வேண்டிய இடத்துக்கெல்லாம் பீபெரி. ஐம்பது கிராம் வாங்கினாலே பல படத்துக்கு வரும்.

வறுத்ததோடு பச்சைக் கொட்டையும் கேட்டு வாங்குங்கள். கழுவிப் பதப்படுத்தியது நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். பழத்தோடு காயவைத்து உடைத்த செர்ரி வகை மஞ்சள் கலந்த பழுப்பில் இருக்கும். இரண்டும் இரண்டு நிறம்; வறுக்காமலே கையில் வந்துவிடுகிறது. இன்னும் வெளிறிய நிறம் வேண்டுமென்றால் மான்சூன்ட் மலபார் கிடைக்கிறதா என்று பாருங்கள். மேற்குக் கடற்கரையில் பருவமழைக் காற்றில் வாரக்கணக்கில் ஊற விட்ட கொட்டை அது. ஊதிப்போய், வைக்கோல் நிறத்தில் இருக்கும். நம் யானையின் தந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான கொட்டை கிடையாது. கிடைக்காவிட்டால் செர்ரி பச்சைக் கொட்டையில் வெளிறியதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம். ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை, குடகு பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் பச்சைக் கொட்டை வாங்கிவரச் சொல்லுங்கள். கடைகளில் பிட்ஸ், பிளாக்ஸ் என்று தரம் குறைந்ததாக ஒதுக்குவதும் நமக்கு உதவும். உடைந்தது குறுகலான இடத்துக்கு ஆகும், கறுத்தது நிழலுக்கு ஆகும்.

பச்சைக் கொட்டைக்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. அதில் வண்டு வைக்கும். காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் கொட்டையில் தண்ணீர் கோக்காது.

வாணலியில் வறுத்து நிறம் எடுப்பது

கடையில் இரண்டு மூன்று வறுப்பு கிடைத்தால் அதையே வைத்துச் செய்யலாம். ஆனால் வீட்டில் ஒருமுறை வறுத்துப் பார்த்தவர்கள் பிறகு கடை நிறத்துக்குத் திரும்புவதில்லை. நூற்றைம்பது, இருநூறு கிராம் பச்சைக் கொட்டை, கனமான வாணலி ஒன்று, மரக்கரண்டி, முறம், ஐந்து தட்டு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை வரும், நன்றாகவே வரும். மேல்சவ்வு உமி மாதிரி பறக்கும். வறுக்கும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது.

மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். சில நிமிடங்களில் பச்சை போய் மஞ்சளாகும். புல் வாசனை மாறி ரொட்டி சுடும் வாசனை வரும். இந்த இடத்தில் ஒரு கைப்பிடி எடுத்து முதல் தட்டில் போட்டுவிடுங்கள். குடிப்பதற்கு இந்தக் கொட்டை ஒன்றுக்கும் உதவாது. படத்துக்கு இது பொன். கடையில் எவ்வளவு தேடினாலும் இந்த மஞ்சள் கிடைக்காது.

அப்புறம் இலவங்கப்பட்டை நிறம். கொட்டை கொஞ்சம் ஊத ஆரம்பிக்கும், 'பட், பட்' என்று சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளியே வரும் சத்தம் அது. கொட்டையின் சூடு 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது இது நடக்கிறது. சத்தம் தொடங்கியதும் இரண்டாவது தட்டு. சத்தம் ஓய்ந்ததும் மூன்றாவது தட்டு. இதுதான் நடுத்தர வறுப்பு, படத்தில் அதிகம் செலவாகப்போவதும் இதுவே, ஆகவே இரண்டு கைப்பிடியாக எடுங்கள். மீதியைத் தொடர்ந்து வறுத்தால் மறுபடி ஒரு சத்தம் வரும். இந்த முறை மெல்லிசாக, சடசடவென்று. அப்போது நான்காவது தட்டு. அதற்கு மேல் கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கும், புகை கண்ணைக் கரிக்கும். ஐந்தாவது தட்டில் கொட்டி அடுப்பை அணையுங்கள். இன்னும் விட்டால் தீப்பிடிக்கும்.

ஒரு விஷயம்: அடுப்பிலிருந்து எடுத்தாலும் கொட்டை உள்சூட்டில் வறுபட்டுக்கொண்டே இருக்கும். எடுத்த கைப்பிடியை உடனே முறத்தில் போட்டுப் புடைத்து ஆறவிட்டால்தான் நீங்கள் பிடித்த நிறம் அப்படியே நிற்கும். சவ்வும் அதிலேயே பறந்துவிடும். ஒருவர் கிளற ஒருவர் புடைத்தால் வேலை சுலபம்.

வாணலியில் வறுக்கும்போது எல்லாக் கொட்டையும் ஒன்றுபோல வராது. ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்திருக்கும். காபி குடிப்பவர்கள் இதைக் குறை என்பார்கள். யானைத் தோலுக்கு இந்தத் திட்டுத்திட்டு நிறம் அத்தனை இயல்பாகப் பொருந்தும், தூக்கிப் போடாதீர்கள். ஆறிய கொட்டையை ஒருநாள் திறந்து வைத்து, அப்புறம் நிறவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு எண் எழுதி வையுங்கள்: பச்சை 1, மஞ்சள் 2 என்று போய்க் கறுப்பு 6 வரைக்கும். ஒரே டப்பாவுக்குள்ளும் பெரியது, சின்னது, உடைந்தது என்று பிரித்துவிட்டால் பின்னால் கை தேடாது.

எண்ணெய் வடியும் கறுப்புக் கொட்டையைத் தனியாகக் கவனியுங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. செய்தித்தாளில் பரப்பி ஓரிரு நாள் விட்டு, துணியில் போட்டு உருட்டித் துடைத்துவிடுங்கள். அப்படியும் பிசுபிசுத்தால் துணியில் கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிடலாம்.

பலகை, பசை, சில்லறைச் சாமான்கள்

அட்டையில் செய்யாதீர்கள்; பசையின் ஈரத்தில் வளைந்துவிடும். பிளைவுட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டால் மலிவாகத் தருவார்கள். 6 மி.மீ. கனம் போதும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் நன்றாக இருக்கும், ஆனால் கடலோர ஊர்களில் ஈரம் இழுத்து உப்பும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி இடங்களில் பிளைவுட்டே நல்லது. மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் கலந்த பசையை ஒருமுறை பூசிக் காயவிட்டு, அப்புறம் கரும்பழுப்பு அக்ரிலிக் நிறம் அடியுங்கள். கொட்டைக்கும் கொட்டைக்கும் நடுவே இடைவெளி இருக்கத்தான் செய்யும். அடியில் வெள்ளையாக இருந்தால் அத்தனை இடைவெளியும் பல்லைக் காட்டும்.

பின்னணி தெரியும் மாதிரி செய்வதால், யானை வரும் இடத்தில் மட்டும் கரும்பழுப்பு அடித்து, சுற்றிலும் சாக்குத் துணி ஒட்டலாம். பழைய காபி மூட்டைச் சாக்கு கிடைத்தால் அதில் இருக்கும் அச்செழுத்தோடேயே ஒட்டிவிடுங்கள், அழகாக இருக்கும். சாக்கு பிடிக்காதவர்கள் கெட்டி டிகாக்‌ஷனைத் தூரிகையில் தொட்டு, பலகையில் ஒட்டிய ஓவியத்தாளின் மேல் இரண்டு மூன்று முறை பூசலாம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. சிக்கரி கலந்த தூளாக இருந்தால் நிறம் சீக்கிரம் கறுப்பாக இறங்கும்.

இப்போது பசை. பலகையில் ஒட்டுவதற்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான் முதல் தேர்வு. மெதுவாகக் காயும், அதனால் வைத்த கொட்டையைத் திருப்பலாம், நகர்த்தலாம்; காய்ந்ததும் நிறமில்லாமல் போகும். பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி விடும் துப்பாக்கியான குளூ கன் வேகமானது. பந்து, கோப்பை மாதிரி வளைந்த பரப்புக்கு அதுதான் தேவை. பலகைக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. நூல் நூலாகத் தொங்கும், வைத்ததை மாற்ற முடியாது, கடும் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டு வந்தால் இளகிக் கொட்டை உதிரும். சொட்டு விட்டால் உடனே பிடிக்கும் இன்ஸ்டன்ட் பசையோ காயும்போது சுற்றிலும் வெண்மையாகப் படியவிடும். கறுப்புக் கொட்டையில் அது பளிச்சென்று தெரியும்.

மற்றவை: சின்ன இடுக்கி, பல்குச்சி, பழைய துணி, ஈரக் கைக்குட்டை, படத்தைப் பலகைக்கு மாற்ற மஞ்சள் கார்பன் பேப்பர். எம்பிராய்டரி, ஆரி வேலைக்கு விற்பார்களே, அதேதான். கரும்பழுப்பின் மேல் சாதாரண நீலக் கார்பன் கோடு தெரியாது.

கொட்டைக்கு மூன்று முகம்

ஒட்டத் தொடங்கும் முன், ஒரு தட்டில் இருபது முப்பது கொட்டையை வைத்துப் பசையில்லாமல் அடுக்கிப் பாருங்கள். கொட்டையை மூன்று விதமாக வைக்கலாம். முதுகு மேலே இருந்தால் வழவழப்பாக, வெளிச்சம் பட்டு உருண்டையாகத் தெரியும். பிளவு மேலே இருந்தால் நடுவில் ஒரு கோடு தெரியும். பக்கவாட்டில் நிறுத்தினால் மெல்லிய விளிம்பு மட்டும் தெரியும். அதை வரிசையாக நிறுத்திக் கோடு இழுக்கலாம்.

நடுத்தர வறுப்புக் கொட்டையின் பிளவை உற்றுப் பாருங்கள். உள்ளே வெள்ளிச் சவ்வு கொஞ்சம் மாட்டிக்கொண்டு, பழுப்புக்கு நடுவே பொன்னிறக் கோடாக நிற்கும். கறுக்க வறுத்ததில் அந்தக் கோடும் கருகிப்போயிருக்கும். ஆக, சுருக்கம், மடிப்பு, நரம்பு என்று கோடு தெரிய வேண்டிய இடத்தில் நடுத்தர வறுப்பைப் பிளவு மேலே வைத்து ஒட்ட வேண்டும். கோடு தெரியக் கூடாத நிழலுக்குக் கறுப்பு. தும்பிக்கையில் குறுக்காக ஓடும் சுருக்கங்களை இப்படித்தான் கொண்டுவரப் போகிறோம். படமாக யானையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

புதியவர்கள் எல்லாக் கொட்டையையும் பிளவு மேலே தெரிகிற மாதிரி ஒட்டுவது வழக்கம். காபிக்கொட்டை என்று தெரிய வேண்டும் என்கிற ஆசை. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிளவு மேலே வந்தால் உருண்ட முதுகு கீழே போகிறது; பலகையைத் தொடுவது ஒரு புள்ளி மட்டும்தான். பசை அங்கே கொஞ்சமாகப் பட்டால் மாதக் கடைசிக்குள் தரையில் பொறுக்க வேண்டிவரும். தட்டைப் பக்கம் கீழே இருக்கும் கொட்டைக்கு மெல்லிய பூச்சுப் போதும். முதுகு கீழே இருக்கும் கொட்டைக்குப் பசை குட்டையில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும்.

யானை முகம்: ஒட்டும் வரிசை

நேராகப் பார்க்கும் யானை முகத்தின் எளிய கோட்டுப்படம் ஒன்றை வரைந்தோ அச்செடுத்தோ கார்பன் வைத்துப் பலகைக்கு மாற்றுங்கள். மயிரிழை விவரமெல்லாம் வேண்டாம். ஒரு சென்டிமீட்டருக்குச் சிறியதான எதையும் கொட்டையில் காட்ட முடியாது. நெற்றி, இரண்டு காது, கண், தும்பிக்கை, தந்தம், அவ்வளவுதான். பிறகு கோட்டுப்படத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எந்த எண் டப்பா என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருவதாக முடிவு செய்யுங்கள். இடது பக்கம் என்றால் நெற்றியின் இடது மேடு 3, வலது சரிவு 5, காதின் உட்புறம் 6.

முதலில் கண்ணை வையுங்கள். கறுக்க வறுத்த பீபெரி ஒன்று. அதற்கு மேல் இமையாக, பக்கவாட்டில் நிறுத்திய இரண்டு கொட்டை. யானையின் கண் முகத்தின் அளவுக்குச் சிறியது. ஆசைப்பட்டுப் பெரிதாக்கினால் பொம்மையாகிவிடும். கண் சரியாக உட்கார்ந்தால் மற்றதெல்லாம் அதற்குத் தகுந்த மாதிரி வந்துவிடும்.

அடுத்து வெளிக்கோடு. கொட்டைகளைத் தலையும் காலுமாக, கோட்டின் மேல் நீளவாக்கில் வரிசையாக ஒட்டிக்கொண்டு போங்கள். வளைவு அதிகமான இடத்தில் சின்னக் கொட்டை, நேரான இடத்தில் பெரியது. காதின் ஓரம் மடிந்து தெரிய வேண்டுமென்றால் அங்கே மட்டும் நிறுத்தி ஒட்டுங்கள்.

தும்பிக்கையை நுனியிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். நுனியில் இரண்டு கொட்டை அகலம். ஒவ்வொரு வரியும் குறுக்கே, பிளவு மேலே, பிளவுக் கோடு இடமிருந்து வலமாக ஓடுகிற மாதிரி. மேலே போகப்போக மூன்று, நான்கு, கண்ணுக்கு இடையே வரும்போது ஐந்தாறு என்று அகலமாகும். ஒரு வரியின் இடைவெளிக்கு மேல் அடுத்த வரியின் கொட்டை வரட்டும், செங்கல் கட்டுவதைப் போல. ஓரத்துக் கொட்டை மட்டும் ஓர் எண் கறுப்பாக இருந்தால் தும்பிக்கை உருளையாகத் தெரியும். வரிகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கக் கூடாது. நடுவில் லேசாகக் கீழே தொய்ந்து வளையட்டும். இந்த ஓர் இடத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்கள் கண் முதலில் போவது இங்கேதான்.

இனி நெற்றியும் காதும். இங்கே முதுகு மேலே. காதில் கொட்டைகள் அது தலையோடு சேரும் இடத்திலிருந்து விசிறியாக விரியட்டும். நெற்றி மேட்டில் வட்டமாகச் சுற்றட்டும். கொட்டை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கண் ஓடும், ஆகவே திசையை மாற்றி மாற்றி இறைக்காதீர்கள். காதின் ஓரத்தில் மஞ்சளும் பச்சையும் நாலைந்து கொட்டை கலந்துவிட்டால், வயதான யானைக்குக் காதிலும் தும்பிக்கையிலும் நிறம் வெளுத்துப் புள்ளி புள்ளியாக வருமே, அந்தச் சாயல் வந்துவிடும். தந்தம் கடைசியில். வெளிறிய கொட்டைகளை நீளவாக்கில் இரண்டு வரி வைத்து, நுனியில் ஒன்றாக முடியுங்கள்.

பசையைக் கொட்டைக்குத் தடவாதீர்கள். பலகையில் உள்ளங்கையில் பாதி அளவு இடத்துக்குத் தடவி, அதை நிரப்பிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். குறுகலான இடத்துக்குக் கொட்டை நுழையாவிட்டால், பிளவில் கத்தி முனையை வைத்து அழுத்துங்கள். வறுத்த கொட்டை இரண்டாகப் பிளந்துகொள்ளும். பச்சைக் கொட்டையிடம் இந்த வேலையைக் காட்டாதீர்கள், கல் மாதிரி இருக்கும், கத்தி வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும்.

அவ்வப்போது எழுந்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். இன்னும் நல்லது, போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. நிறம் போனதும் எங்கே வெளிச்சம் குறைகிறது, எங்கே நிழல் போதவில்லை என்பது சட்டென்று தெரியும். பெரும்பாலும் பதில் ஒன்றேதான்: இன்னும் கறுப்பு வேண்டும். புதியவர்கள் கறுப்பை வைக்கப் பயப்படுவார்கள். மூன்று நான்கு மாலை உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. ஒரே இருப்பில் முடிக்கப் பார்த்தால் கடைசி நூறு கொட்டையில் கோபம் தெரியும்.

பூச்சும் சட்டமும்

ஒட்டி முடித்து ஒருநாள் முழுக்கக் காயட்டும். பலகையைச் சாய்த்து மெதுவாகத் தட்டுங்கள். விழுவது இப்போதே விழட்டும். விழுந்ததை ஒட்டி, தூசியைக் காய்ந்த தூரிகையால் துடைத்துவிட்டு, தண்ணீரில் கரையும் நிறமற்ற வார்னிஷை மெல்லிசாக இரண்டு கை பூசுங்கள். பளபளப்பு வேண்டாம், மேட் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் வார்னிஷ் அடித்தால் எல்லாக் கொட்டையும் ஒன்றுபோல மின்னி, பாடுபட்டு வறுத்த நிற வித்தியாசம் போய்விடும். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும், அதையும் தவிர்க்கலாம்.

வார்னிஷ் பூசினால் வாசனை போய்விடுமே என்பார்கள். போகும். பூசாவிட்டாலும் சில வாரங்களில் போய்விடும். வறுத்த கொட்டையின் மணம் அவ்வளவு நாள்தான். வாசனைக்காகப் பூச்சை விடுவதில் லாபமில்லை.

கண்ணாடிச் சட்டம் போடும் கடையில், கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டுப் பெட்டி மாதிரி செய்து தரச் சொல்லுங்கள். சாதாரண பிரேமில் கண்ணாடி கொட்டையை அழுத்தும். பின்பக்கம் மூடும் முன் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே ஒட்டிவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சணம் வராது. நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். பச்சைக் கொட்டை எங்கே மாட்டினாலும் ஒன்றிரண்டு வருடத்தில் பச்சை குறைந்து வெளிறும். தந்தத்துக்கு அது நல்லதே. இலை, கிளி என்று பச்சைக்காகவே அதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை நடக்கும்போது தவழும் குழந்தைகளை அந்த அறைக்கு விடாதீர்கள். கொட்டை மூக்குக்கும் தொண்டைக்கும் சரியான அளவில் இருக்கிறது. வீட்டில் நாய் இருந்தால் சிந்தியதை உடனே கூட்டுங்கள், காஃபீன் நாய்க்கு விஷம்.

பலகை வேண்டாம் என்பவர்களுக்கு

ரஷ்யா, உக்ரைன் பக்கம் காபிக்கொட்டை மரம் செய்து பரிசாகக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. சின்னத் தொட்டியில் ஒரு குச்சி, அதன் உச்சியில் கொட்டை ஒட்டிய பந்து. எட்டு சென்டிமீட்டர் தெர்மாகோல் பந்து ஒன்று வாங்கி, முதலில் பழுப்பு அக்ரிலிக் அடியுங்கள். ஸ்பிரே பெயின்ட், செருப்பு ஒட்டும் ரப்பர் பசை இரண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும், கிட்டே கொண்டுபோகாதீர்கள். குளூ கன்னும் சூடு குறைந்த வகையாக இருக்கட்டும். முதல் அடுக்கில் தட்டைப் பக்கம் உள்ளே. அதன் மேல் இரண்டாம் அடுக்கில் பிளவு வெளியே. இரண்டு அடுக்குக்கும் 100 கிராம் கைவசம் இருந்தால் போதும். தொட்டியில் குச்சியை நிறுத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, மேலே கொட்டை தூவி மூடிவிடலாம். பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதற்கு யானையைவிட இது தோது. சூடான பசைத் துப்பாக்கி மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தில் நாலு கொட்டையைப் பூவாக ஒட்டுவது பத்து நிமிட வேலை. டீ கோஸ்டர் மட்டும் செய்யாதீர்கள். டம்ளர் ஆடும், கவிழும், ஈரம் இறங்கும்.

கடைசியாக, யானையை மாட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்திலும் ஏழெட்டுக் கொட்டையைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எண்ணை எழுதி, ஒரு காகித உறையில் போட்டுச் சட்டத்தின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். வீடு மாற்றும்போது இரண்டு கொட்டை உதிரத்தான் செய்யும். அன்றைக்கு அதே நிறத்தை மறுபடி வறுத்தெடுப்பது நடக்காத காரியம்.